வசூல்காரர்களுக்கு வைத்த தாம்பூலம்

மகனே,

நீ நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்கப் போவதில்லை. ஒளிந்திருப்பவன் நலமாகத்தான் இருப்பான்; நலம் கெட்டுவிடக்கூடாது என்பதற்காகத்தானே ஒளிகிறான். நீ எழுதியிருந்தது கிடைத்தது. ‘அவங்க வீட்டுக்கு வந்து கலாட்டா பண்ணுவாங்க, கொஞ்ச நாளைக்கு அம்மாவையும் தங்கச்சி மல்லிகாவையும் கூட்டிக்கொண்டு ஆத்தூர் அத்தை வீட்டுக்குப் போய்விடுங்கள்’ என்று அறிவுரை சொல்லியிருந்தாய். நாங்கள் எங்கேயும் போகவில்லை. அவர்கள் வந்தார்கள். வந்ததையும், போனதையும், போகும்போது அவர்கள் முகம் இருந்த விதத்தையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். இக்கடிதத்தின் நகல் ஒன்றை ஒண்டிக்கடை முக்கில் இருக்கும் காதர் பாய் மளிகைக் கடையில் கொடுத்து வைத்திருக்கிறேன். சாமான் வாங்க வருகிறவர்கள் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். குடும்ப விஷயத்தைக் கடையில் வைப்பதா என்று உனக்குத் தோன்றும். தோன்றட்டும். ஏன் வைத்தேன் என்பது படித்து முடிக்கும்போது உனக்கே விளங்கும்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நீ அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டவன். நீ வேன் வாங்கக் கடன் எடுத்த ஒப்பந்தத்தை உன் பெட்டியிலிருந்து எடுத்து முழுவதும் வாசித்தேன். தவணை தவறினால் வண்டியை எடுத்துக்கொள்ளும் உரிமை அந்தச் சேலம் நிறுவனத்துக்கு உண்டு. அதை அவர்கள் மலையடிவாரத்தில் வைத்து எடுத்தும் விட்டார்கள். விற்றது போக மிச்சம் நின்றால் அதற்கு வழக்குப் போடலாம். அந்த உரிமையும் உண்டு. கடன்பட்டவனின் தாயை மிரட்டும் உரிமை அந்தத் தாளில் எந்த வரியிலும் இல்லை. ஜாமீனாக என் கையெழுத்தும் அதில் இல்லை. ஆகவே எங்கள் வாசலில் அவர்களுக்கு எந்த வேலையும் இல்லை. இத்தனையும் தெரிந்த நான், எஸ்டேட் அலுவலகத்தில் இருபது வருஷமாக ரைட்டராக இருந்து விதிகளைப் படித்து விதிகளின்படியே எழுதிக்கொண்டிருக்கிற நான், அந்த விதி எதையும் நம்பாமல் வேறொன்றைச் செய்தேன்.

அவர்கள் முதலில் வந்தபோது நான் அலுவலகத்தில் இருந்தேன். வாசலில் உன் அம்மா பாயை விரித்துக் காப்பிக்கொட்டை காயவைத்திருந்தாள். மூன்று பேர் ஜீப்பில் வந்திறங்கினார்கள். முன்னால் வந்தவன் பெயர் செங்கோடன். வயது முப்பதுக்கு மேலிருக்காது, வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா. அவன் செருப்புக் காலோடு அந்தக் காப்பிக்கொட்டை மேலேயே நடந்து வாசற்படிக்கு வந்திருக்கிறான். உன் அம்மா வழக்கப்படி, ‘வாங்க, உக்காருங்க’ என்றாளாம். அவன் உட்காரவில்லை. உள்ளே மல்லிகா இருப்பதை எட்டிப் பார்த்துவிட்டு அவன் சொன்னதை உன் அம்மா எனக்கு ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். “பையன் கட்டலீன்னா என்னுங்க, ஊட்ல பொண்ணு இருக்குதில்ல. ஞாயித்துக்கெழம மாப்ள ஊட்டுக்காரங்க பாக்க வர்றாங்களாமா. நாங்களும் வர்றமுங்க. ஜமக்காளத்தப் பெருசா விரிச்சு வைங்க.” பின்னால் நின்ற இருவரும் சிரித்தார்களாம். கீழே டீக்கடையில் சொந்தக்காரர்கள் போலப் பேச்சுக் கொடுத்து ஞாயிற்றுக்கிழமைச் செய்தியை வாங்கியிருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது.

நான் வீட்டுக்கு வந்தபோது உன் அம்மா அழவில்லை. மிதிபட்ட கொட்டையைத் தனியே பொறுக்கிக்கொண்டிருந்தாள். “ஏனுங்க, மாப்ள ஊட்டுக்காரங்க வர்றப்ப இவுங்களும் வந்து நின்னா ஊரே தெரிஞ்சு போயிருமே” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். காவல் நிலையத்தில் மனுக் கொடுப்பதா, வழக்கறிஞரைப் பார்ப்பதா என்று யோசித்தபடி நின்றிருந்த எனக்கு அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் வெளிச்சமாயிற்று. செங்கோடன் கையில் கத்தியும் இல்லை, நீதிமன்ற உத்தரவும் இல்லை. அவனிடம் இருந்தது ஒரே ஒரு சரக்கு: ஊருக்குத் தெரிந்துவிடும் என்கிற பயம். அந்தச் சரக்கை அவனுக்கு முன்னால் நான் விற்றுத் தீர்த்துவிட்டால், ஞாயிற்றுக்கிழமை அவன் வெறுங்கையோடுதான் மலையேறி வர வேண்டும். மனுக் கொடுத்திருந்தால் ஒருவேளை பாதுகாப்புக் கிடைத்திருக்கும். எனக்குப் பாதுகாப்பு வேண்டியிருக்கவில்லை. பழி வேண்டியிருந்தது. இதை நான் மறைத்து எழுதினால் இந்தக் கடிதம் எழுதுவதில் பொருளே இல்லை.

நம் பக்கத்தில் ஒரு விசேஷத்துக்கு எப்படி அழைப்பார்கள் என்பது உனக்குத் தெரியும். வாசலுக்கு வந்து, தட்டு நீட்டி, வாயால் சொல்லி அழைக்க வேண்டும். அப்படி அழைக்காத வீட்டுக்கு யாரும் போக மாட்டார்கள். அழைத்துவிட்டால் சண்டைக்காரனும் போகாமல் இருக்க முடியாது. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, சந்தனம், குங்குமம், கல்கண்டு எல்லாம் வைத்து உன் அம்மாவைக் கூப்பிட்டேன். என்ன செய்யப் போகிறேன் என்று சொன்னதும் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். “உங்களுக்கென்னங்க கிறுக்குப் புடிச்சிருச்சா?” என்று கேட்டாள். நான் தனியாகவே கிளம்பினேன். வாசல் தாண்டி நான்கு வீடு போவதற்குள் பின்னால் காலடி கேட்டது. சேலையை மாற்றிக்கொண்டு வந்திருந்தாள். “ஆம்பள குங்குமத்த நீட்டுனா எந்தப் பொம்பள வாங்குவா? குடுங்க இங்க” என்று தட்டை வாங்கிக்கொண்டாள்.

ஒவ்வொரு வாசலிலும் நான் சொன்னது ஒரே வாசகம். “எங்க பையன் வேன் வாங்கிய கடனுக்குத் தவணை கட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சேலத்திலிருந்து வசூல்காரர்கள் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். நீங்கள் குடும்பத்தோடு வந்திருந்து நடத்திக் கொடுக்க வேண்டும்.” முதல் இரண்டு வீடுகளில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. மூன்றாவது வீட்டிலிருந்து சரியாகிவிட்டது. காதர் பாய் தராசைப் பிடித்த கை அப்படியே நிற்க என்னைப் பார்த்தார். “ரைட்டர் சார், கல்யாணத்துக்குக் கூப்புட்டுப் பாத்திருக்கறேன், காதுகுத்துக்குக் கூப்புட்டுப் பாத்திருக்கறேன். கடன் வசூலுக்குத் தாம்பூலம் வெக்கிறவர இப்பத்தானுங்க பாக்கறேன்” என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “மொய் எழுதோணுமுங்களா?” என்று கேட்டார். அதற்குள் கடையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள்; உன் அம்மாவும் சிரித்தாள். யாராவது உன்னைப் பற்றிக் கேட்டுவிடுவார்களோ என்று அஞ்சி மூன்று மாதமாக அந்தக் கடைக்குள் நுழையாமல் இருந்தவள் அவள். அரிசியும் பருப்பும் பாய் தன் கணக்கில் அனுப்பிவைத்தார், வேண்டாம் என்றபோது, “விசேஷ ஊட்ல எங்க பங்கு இல்லாமயா?” என்று என் வாயை அடைத்தார்.

கடினமான அழைப்பு மாப்பிள்ளை வீட்டாரின் ஊரான கொட்டச்சேட்டில் இருந்தது. மாப்பிள்ளையின் அப்பா வெள்ளையப்பனை நீயும் பார்த்திருக்கிறாய். சொந்தக் காப்பித் தோட்டம், அளந்து பேசுகிற மனிதர். அவர் வாசலில் நின்று அதே வாசகத்தை ஒரு சொல்லும் குறைக்காமல் சொன்னேன். அவர் தட்டிலிருந்து ஒரு கல்கண்டை மட்டும் எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டார். வாயில் போடவில்லை. “மறைக்காமச் சொன்னீங்க, நொம்ப நல்லதுங்க. ஊட்ல கலந்துக்கிட்டுச் சொல்றமுங்க” என்றார். பெண் வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பதிலின் பொருள் என்ன என்று யாரும் விளக்கத் தேவையில்லை. பஸ்ஸில் திரும்பி வருகையில் உன் அம்மா தட்டை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

வீட்டு வாசலில் மல்லிகா காத்திருந்தாள். “என்னைய வெச்சுத்தானுங்களாப்பா உங்க பழியத் தீர்த்துக்கோணும்?” என்று கேட்டாள். மறைத்து வைத்து நடக்கிற கல்யாணத்தில் ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒவ்வொரு சீருக்கும் செங்கோடன் போன்ற ஒருவன் வந்து நிற்பான், நீ வாழ்நாள் முழுவதும் வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பாய் என்று நான் விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டாள், ஏற்றுக்கொண்டாளா என்று தெரியவில்லை. “கடன் வாங்குனது அண்ணன். மிரட்டுனது அவன். பழி வாங்கறது நீங்க. நடுவால நிக்கிறது நானு” என்றாள். ஆனாலும் நான் நிறுத்தவில்லை. உன்னிடம் எதற்கு மறைக்க வேண்டும்: அவள் கண்ணைப் பார்த்த பிறகும் செங்கோடன் ஜீப்பிலிருந்து இறங்குகிற காட்சியே எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

ஞாயிறன்று காலைப் பனி விலகுவதற்குள் நம் வாசல் நிறைந்துவிட்டது. எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிற பெண்கள் ஸ்வெட்டருக்கு மேல் பட்டுச் சேலை சுற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். தலைச்சோலையிலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். அவர்களை நான் அழைக்கவே இல்லை, கேள்விப்பட்டு வந்தவர்கள். மாப்பிள்ளை வீட்டாரைக் காணவில்லை. ஜீப் வந்து நின்றது. செங்கோடன் இறங்கினான். கூட வந்தவர்களில் ஒருவன் கொண்டை ஊசி வளைவுகளின் உபயத்தால் முகம் வெளிறிப் போயிருந்தான். கூட்டத்தைப் பார்த்ததும் செங்கோடன் வீடு மாறி வந்துவிட்டோமோ என்று திரும்பி அடுத்த வாசலைப் பார்த்தான். அந்த ஒரு கணத்துக்காகவே நான் எத்தனை தட்டு வேண்டுமானாலும் சுமந்திருப்பேன். உன் அம்மா முன்னால் போய்க் கைகூப்பி, “வாங்க, வாங்க. உங்களுக்காகத்தான் இத்தன சனமும் காத்துட்டிருக்குதுங்க. நீங்க சொன்னாப்பலயே ஜமக்காளம் பெருசா விரிச்சிருக்கறமுங்க” என்றாள். யாரோ பன்னீர் தெளித்தார்கள். யாரோ சந்தனக் கிண்ணத்தை நீட்டினார்கள். மூவரையும் கூட்டத்துக்கு நடுவில் மூன்று நாற்காலிகளில் உட்கார வைத்தோம்.

“பணத்தப் பத்திப் பேசலாமுன்னு வந்தோமுங்க” என்றான் செங்கோடன், குரலைத் தேடிப் பிடித்து. “பணத்தைப் பற்றி நான் எல்லோரிடமும் பேசிவிட்டேன், இங்கே தெரியாதவர் ஒருவரும் இல்லை. அன்றைக்கு என் மனைவியிடம் நீங்கள் சொன்னதைத்தான் இவர்கள் கேட்டதில்லை. அதை உங்கள் வாயாலேயே கேட்க வந்திருக்கிறார்கள். சொல்லுங்கள்” என்றேன். அவன் தரையைப் பார்த்தான். நான் மறுபடியும் கேட்டேன். கூட்டம் அசையவில்லை. அப்போது உன் அம்மா முன்னால் வந்து, பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்பிப்பது போல, அவன் சொன்னதை அவன் ஏற்ற இறக்கத்தோடேயே சொன்னாள். ஊட்ல பொண்ணு இருக்குதில்ல என்ற இடத்தில் சிறிது நிறுத்தினாள். அது வரை புன்னகைத்துக்கொண்டிருந்தவர்களின் முகம் மாறிற்று. காதர் பாய் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். யாரும் கை ஓங்கவில்லை. ஓங்கக்கூடாது என்று முன்பே எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். அடித்தால் அவனுக்கு வழக்குக் கிடைத்துவிடும்.

பிறகுதான் விசாரிப்புத் தொடங்கியது. இதை நான் திட்டமிடவில்லை. நம் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. “ஏனுங்க தம்பி, உங்களுக்கு எந்த ஊருங்க?” என்று ஒருத்தி பரிவோடு கேட்டாள். சொல்லாமல் இருந்தால் மரியாதை இல்லை, சொன்னான். “அந்த ஊர்ல எந்த ஊடுங்க? மாரியம்மன் கோயிலுக்கு மேக்காலயா, கெழக்காலயா?” “அம்மா இருக்குதுங்களா?” “சம்சாரத்துக்கு எந்த ஊருங்க?” கால் மணி நேரத்தில் அவன் குடும்பம் முழுவதும் நம் ஜமக்காளத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. அப்போது நான் எழுந்து சொன்னேன்: “நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டீர்கள். நாங்களும் உங்கள் வீட்டுக்கு வருவதுதான் முறை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறோம். உங்கள் அம்மாவிடம், நீங்கள் இங்கே சொன்னதை என் மனைவி சொல்வாள்.” “பஸ்ஸே புடிச்சுட்டுப் போலாமுங்க சார்” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. “நான் சன்னல் சீட்டு!” என்று இன்னொரு குரல்.

செங்கோடனின் முகம் வெளுப்பதைப் பார்த்தேன். நாற்காலியை என் பக்கம் நகர்த்திக்கொண்டு தாழ்ந்த குரலில், “சார், ஊட்டுக்கெல்லாம் எதுக்குங்க? எங்கம்மாளுக்கு நான் என்ன வேலை பாக்கறேன்னே தெரியாதுங்க. ஆபீசுல கணக்கு எழுதறேன்னு சொல்லி வெச்சிருக்கறேன். பேனா ரெண்டு அதுக்குத்தானுங்க வெச்சிருக்கறேன்” என்றான். நான் அவனைவிட உரக்க, அவன் சொன்னதை எல்லோருக்கும் கேட்கும்படி திருப்பிச் சொன்னேன். அது தேவையற்ற கொடுமை என்று நீ நினைக்கலாம். அந்தக் கொடுமையை நான் ரசித்தேன். வீடு தேடி வருவோம் என்று பிழைக்கிறவனுக்கு உலகத்திலேயே பெரிய பயம் தன் வீட்டுக்கு யாராவது வந்துவிடுவார்களோ என்பதுதான். அதே பயத்தைத்தான் அவன் மலையேறி வந்து நம் வீட்டில் இறக்கிவைத்துவிட்டுப் போனான்.

அவன் கைகூப்பியபோது ஒரு நிபந்தனை வைத்தேன். மூவரும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவர்கள் தொழிலில் வசூலுக்குப் போகும் வீட்டில் கை நனைப்பதில்லை. நனைத்துவிட்டால் அந்த வாசலில் பிறகு குரல் உயர்த்த முடியாது என்பது அவர்களுக்குள்ளேயே ஒரு கட்டுப்பாடு. “கை நனைச்சுட்டா அப்பறம் பேச முடியாதுங்கண்ணா” என்று வெளிறிப்போயிருந்தவன் முணுமுணுத்தான். பரிமாற நின்ற பெண், “பயப்படாதீங்க சாமி, உங்களுக்காக உப்புக் கம்மியாத்தான் போட்டிருக்கறோம்” என்றாள். சாப்பிட்டார்கள். இரண்டாம் முறை சாதம் வைத்து, ரசம் ஊற்றி, இலையை மடிக்கும்வரை உன் அம்மா எதிரிலேயே நின்றாள். சாப்பிட்டால் அவன் வீட்டுக்குப் போவதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அந்த வாக்கை மீற மாட்டேன். ஜீப் வளைவு திரும்பும் வரை ஒருவரும் கலையவில்லை.

மறுநாள் பஸ் கண்டக்டர் என்னை நிறுத்தி, “கொட்டச்சேட்டுல இருந்து சொல்லச் சொன்னாங்க சார். சாதகம் ஒத்து வரலீங்களாமா” என்றார். ஜாதகம் போன மாதமே பார்த்துப் பத்துப் பொருத்தமும் சரி என்று சொன்னவர்கள் அவர்கள்தான். வீட்டில் வந்து சொன்னேன். மல்லிகா உலையில் அரிசியைப் போட்டுவிட்டுத்தான் திரும்பினாள். “நான் அழுவலீங்கப்பா. ஊருக்குத் தெரிஞ்சா ஓடிப் போறவங்க ஊட்ல நான் என்ன பண்ணப் போறேன்? ஆனா அண்ணன் வரோணும். வந்து என் மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்தை பேசோணும். அந்தக் கடனையும் சேத்துக் கட்டச் சொல்லுங்க” என்றாள்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். கடன் கடன்தான். செங்கோடன் அயோக்கியன் என்பதால் தொகை ஒரு பைசாவும் குறையாது. கடன் வாங்கியவன் மாதாமாதம் நேரில் வந்து அலுவலகத்தில் கட்டி ரசீது பெறுவான், இனி என் வீட்டு வாசலுக்கு எவரும் வரத் தேவையில்லை என்று அந்த நிறுவனத்துக்குப் பதிவுத் தபால் அனுப்பியிருக்கிறேன். நான் கட்டப் போவதில்லை. உன் அம்மாவின் நகையும் அசையாது. காதர் பாய் தம் கடைச் சரக்கு ஏற்றிவர ஆள் தேடுகிறார். உன்னை வைத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார். இங்கே உன் கடனை அறியாதவர் ஒருவரும் இல்லை என்பதால், இந்த உலகத்தில் நீ தலை நிமிர்ந்து நடக்கக்கூடிய ஒரே ஊர் இப்போது இதுதான்.

நீ கடிதத்தில் முகவரி எழுதவில்லை. உன் கூட்டாளி முருகேசனை அழைத்து உட்காரவைத்துக் கேட்டேன். முதலில் தெரியாது என்றான். மல்லிகா கேட்டதும் சொல்லிவிட்டான். திருப்பூரில் நீ இருக்கும் தெருவும், பனியன் கம்பெனியின் பெயரும், நீ தங்கியிருக்கும் வீட்டுக்காரர் பெயரும் என்னிடம் இருக்கின்றன. இந்த வாரத்துக்குள் நீயாக வந்தால் வாசல் திறந்திருக்கும். சாப்பாடு சூடாக இருக்கும். நான் பேச மாட்டேன், மல்லிகாதான் பேசுவாள். வராவிட்டால் நாங்கள் மூவரும் பஸ் ஏறுவோம். தட்டை உன் அம்மா பிடிப்பாள், குங்குமத்தை உன் தங்கை நீட்டுவாள், உன் தெருவில் எத்தனை வாசல் இருந்தாலும் அத்தனை வாசலிலும் ஏறி, “எங்கள் மகன் இங்கே ஒளிந்திருக்கிறான், குடும்பத்தோடு வந்திருந்து எங்களோடு அனுப்பி வையுங்கள்” என்று நான் அழைப்பேன்.

வீட்டுக்கு வருவோம் என்று வசூல்காரர்கள் சொன்னபோது நீ ஊரை விட்டு ஓடினாய். இப்போது அதைச் சொல்பவன் நான்.

அப்பா